குதிரையின் குறும்பு

நம் பழமொழிகளில் குதிரைக்கு நல்ல பெயர் இல்லை. "குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம்" என்பது ஒரு பழமொழி. "கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும்" என்பது மற்றொன்று. "குதிரையின் குணம் அறிந்தே ஆண்டவன் அதற்குக் கொம்பு கொடுக்கவில்லை" என்பது மூன்றாவது. இம்மூன்றிலும் குற்றம் சாட்டுபவன் மனிதன். கூண்டில் நிற்பது குதிரை. ஒரு தரப்பை மட்டும் கேட்டுத் தீர்ப்பு எழுதுதல் முறை ஆகாது. வரலாறு என்பதும் ஒரு வழக்கு மன்றமே. அங்கே வாயில்லாத பிராணியின் தரப்பையும் இன்று சற்றே விசாரிப்போம்.

விசாரணையை என் ஊரிலிருந்து தொடங்குகிறேன். என் ஊர் வத்தலக்குண்டு. ஊரை ஒட்டி மஞ்சளாறு ஓடுகிறது. மேற்கே கொடைக்கானல் மலை, கிழக்கே சிறுமலை. தென்னிந்திய இருப்புப்பாதை 1875ஆம் ஆண்டில் மதுரையை எட்டியபோது, அம்மையநாயக்கனூரில் ஒரு நிலையம் அமைந்தது. அதுவே இன்று கொடைக்கானல் ரோடு என வழங்குகிறது. மலைக்குச் செல்லும் துரைமார்களும் பாதிரிமார்களும் அங்கே இறங்கி, மாட்டு வண்டியில் ஏறி, எங்கள் ஊரையும் பெரியகுளத்தையும் கடந்து மலையடிவாரம் சேர்வார்கள். அதற்கு அப்பால் வண்டி செல்லாது. குறுகிய குதிரைப் பாதைதான் உண்டு. குதிரை மீதும், ஆட்கள் தூக்கிச் செல்லும் நாற்காலியிலும், கால்நடையாகவும் மலை ஏறினார்கள். இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில் வத்தலக்குண்டுப் பக்கத்திலிருந்து மலைச்சாலை அமைந்தது. மோட்டார் வண்டிகள் வந்தன. மலைப்பாதையில் குதிரைக்கு இருந்த வேலை போயிற்று. எனினும் ஊருக்குள் ஜட்கா வண்டியை இழுக்கும் வேலை பின்னும் பல்லாண்டுகள் அதற்கு எஞ்சியிருந்தது.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவுக்கு வரும் ஜட்கா வண்டி ஒன்று உண்டு. அதை இழுத்தது செம்பழுப்பு நிறமான ஒரு பெட்டைக் குதிரை. அதன் குறும்புகளைக் காண்பதற்கென்றே நாங்கள் கூடுவோம். கட்டிய கயிற்றின் முடிச்சைப் பல்லால் இழுத்து இழுத்துத் தளர்த்திவிட்டு, வாழைப்பழக் கடை வாசலில் போய் நிற்கும். தோலுக்குக் காத்திருப்பதுபோல் நின்று, கடைக்காரர் முகம் திருப்பிய நேரத்தில் சீப்பிலிருந்து பழத்தையே கவ்விக்கொள்ளும். வெல்லம் கொடுக்கும் பாட்டி ஒருவரின் வீட்டெதிரே வந்ததும், வண்டியில் யார் இருந்தாலும், எத்தனை அவசரம் ஆனாலும், வெல்லம் வரும்வரை அசையாது.

எல்லாவற்றினும் பெரிய குறும்பு ஒன்று உண்டு. வண்டியில் மூன்று பேர் ஏறும்வரை அது சாதுவாக நிற்கும். நான்காமவர் காலை எடுத்து வைத்ததும், முன்னங்கால் ஒன்றை நொண்டத் தொடங்கும். வண்டிக்காரத் தாத்தா இறங்கி அதன் பக்கத்தில் நடப்பார். பத்தடி சென்றதும் நொண்டல் மறைந்துவிடும். அவர் மீண்டும் ஏறினால், நொண்டலும் மீண்டும் ஏறிக்கொள்ளும்.

ஒருநாள் நான் கேட்டேன்: "தாத்தா, குதிரை பொய்யாக நொண்டுகிறதே, அதட்டக் கூடாதா?"

அவர் சிரித்தார். "பொய் இல்லை தம்பி. போன வருஷம் இதன் குளம்பில் ஆணி ஏறிவிட்டது. அப்போது நொண்டியது. நான் இறங்கி நடந்தேன். நொண்டினால் இந்த ஆள் இறங்குவான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டது. நான் இதைப் பழக்கினேன் என்று ஊர் நினைக்கிறது. இதுதான் என்னைப் படித்து வைத்திருக்கிறது."

அந்தச் சொல்லின் பொருள் அன்று எனக்கு விளங்கவில்லை. பின்னாளில் வரலாறு படித்தபோதும், ஆசிரியப் பயிற்சி பெற்றபோதும், முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்றபோதும் சிறிது சிறிதாக விளங்கிற்று. குதிரையின் குறும்பு என்று நாம் சொல்வது, பெரும்பாலும் அது நம்மைப் படித்ததன் விளைவே. அதை நாம் படிக்கத் தவறிய இடங்களில் என்ன நேர்ந்தது என்பதற்கு நம் பாண்டிய நாட்டு வரலாறே சான்று.

குதிரை தமிழகத்தில் இயல்பாகப் பெருகிய விலங்கு அன்று; கடல் கடந்து வந்த விருந்தாளி. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் கடல் வழியே குதிரைகள் வந்து இறங்கியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அவ்வணிகம் மிகப் பெரிதாக வளர்ந்திருந்தது. தாமிரவருணி கடலோடு கலக்கும் இடத்தருகே இன்று பழையகாயல் என்னும் சிற்றூர் உள்ளது. அன்று அது காயல் என்னும் பெருந்துறைமுகம். அரேபியத் துறைகளிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் குதிரைக் கப்பல்கள் அங்கு வந்தன.

இதற்கு இரண்டு வெளிநாட்டார் சாட்சி கூறுகின்றனர். ஒருவர் வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ. அவர் 1292ஆம் ஆண்டை ஒட்டி இப்பகுதிக்கு வந்தவர். மற்றவர் வஸ்ஸாப் என்னும் பாரசீக வரலாற்றாசிரியர். பாரசீகத்தில் இருந்துகொண்டு, அங்குள்ள வணிகச் செய்திகளைக் கொண்டு எழுதியவர். கீஷ் தீவின் வணிகத் தலைவர் ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளைப் பாண்டிய நாட்டுக்கு அனுப்ப ஒப்பந்தம் இருந்தது என்றும், ஒரு குதிரையின் விலை 220 பொன் தீனார் என்றும், வழியில் கப்பலிலேயே இறந்துபோன குதிரைக்கும் பாண்டியர் கருவூலம் விலை கொடுத்தது என்றும் வஸ்ஸாப் எழுதுகிறார். அந்த ஜமாலுத்தீனின் உடன்பிறந்தார் தகியுத்தீன் அப்துர் ரகுமான் பாண்டியனிடத்திலேயே அமைச்சராக இருந்தார்.

இவ்வளவு பொன் கொடுத்து வாங்கிய குதிரைகள் என்ன ஆயின? அரசன் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் வாங்குகிறான், அவனுடைய சகோதரர்களும் அவ்வாறே வாங்குகிறார்கள், ஆண்டு முடிவில் மிகச் சிலவே உயிரோடு எஞ்சுகின்றன என்கிறார் மார்க்கோ போலோ. குதிரைக்கு வேகவைத்த சோற்றையும் இறைச்சியையும் கொடுத்தார்கள் என்றும், குதிரை மருத்துவம் அறிந்தவர்கள் இந்நாட்டில் இல்லை என்றும், அத்தகையோர் இங்கே வந்துவிடாதபடி வணிகர்களே தடுத்துக்கொண்டார்கள் என்றும் அவர் குறிக்கிறார். குதிரைகள் இறந்தால்தானே அடுத்த ஆண்டு வணிகம் நடக்கும்!

வஸ்ஸாப் சொல்வது இன்னும் கூர்மையானது. குதிரையைக் கொழுக்க வைப்பதற்காக நாற்பது நாள் இலாயத்தில் கயிற்றாலும் முளையாலும் கட்டிப்போட்டார்களாம். வறுத்த தானியத்தை நெய்யில் பிசைந்து கொடுத்தார்களாம்; காய்ச்சிய பாலைக் குடிக்க வைத்தார்களாம். பிறகு முறையான பயிற்சி எதுவும் இன்றி அதன்மேல் ஏறிக் கண்மூடித்தனமாக ஓட்டினார்களாம். விரைவும் ஊக்கமும் மிக்க குதிரைகள் சில காலத்திலேயே வலுவிழந்து, மந்தமாகி, அறிவும் மழுங்கிவிட்டன என்று அவர் எழுதுகிறார்.

பயணிகளின் எண்ணிக்கையில் மிகை இருத்தல் கூடும். வெளிநாட்டாரின் பார்வையில் ஏளனம் கலந்திருத்தலும் கூடும். மாணவர்கள் எந்தச் சான்றையும் அந்த ஐயத்தோடுதான் அணுக வேண்டும். ஆயினும் ஒருவர் நேரில் வந்தவர். மற்றவர் தொலைவிலிருந்து எழுதியவர். இருவரும் தனித்தனியே ஒரே செய்தியைச் சொல்லும்போது அதனை எளிதில் தள்ளிவிட இயலாது. இன்றைய கால்நடை மருத்துவமும் அவர்கள் சொன்னதற்கு இடம் தருகிறது. குதிரையின் வயிறு நாள் முழுவதும் புல்லைச் சிறிது சிறிதாக மேய்வதற்கு அமைந்தது. தானியத்தை அளவின்றிக் கொடுத்தால் வயிற்று வலி காணும். குளம்பினுள் அழற்சி உண்டாகும். இவ்விரண்டும் உயிருக்கே தீங்கானவை. கட்டியே வைத்த குதிரை மரத்தைக் கடிக்கும். ஓயாமல் தலையை ஆட்டி நிற்கும். அது குறும்பு அன்று. அடைபட்ட அறிவின் துன்பம். நம் முன்னோர் குதிரையை நேசிக்கவில்லை என்று சொல்ல முடியாது. நெய்யும் பாலும் கொடுத்தவர்கள் அவர்கள். அன்புக்குக் குறைவில்லை, அறிதலுக்குத்தான் குறைவு. தாம் விரும்பியதை ஊட்டினார்களே அன்றி, அது கேட்டதைக் கவனிக்கவில்லை.

இந்தக் குதிரை வணிகத்தின் நிழல் நம் சமய இலக்கியத்திலும் விழுந்திருக்கிறது. அரிமர்த்தன பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்தனுப்பிய பொன்னை அமைச்சர் வாதவூரர் திருப்பெருந்துறையில் திருப்பணிக்குச் செலவிட்டார். இறைவன் நரிகளைப் பரிகளாக்கி, தாமே குதிரை வணிகராக மதுரைக்கு ஓட்டி வந்தார். குதிரையின் கயிற்றை வாங்குபவர் கையில் மாற்றிக் கொடுத்துவிட்டால், அதன்பின் நேர்வதற்கு விற்றவர் பொறுப்பல்லர் என்பது வணிக வழக்கம். அவ்வாறே கயிறு மாறிற்று. நள்ளிரவில் பரிகள் மீண்டும் நரிகளாகி, இலாயத்தில் இருந்த பழைய குதிரைகளைக் கடித்துவிட்டு ஓடின. பக்தர்களுக்கு இது இறைவனின் திருவிளையாடல். வரலாற்று மாணவனுக்கோ இதில் மற்றொரு செய்தியும் தென்படும். பகலில் கண்ணைப் பறிக்கும் குதிரை, காலையில் இலாயத்தில் இருக்குமோ இராதோ என்ற அச்சம் பாண்டிய நாட்டில் மக்கள் அறிந்த அச்சமாக இருந்திருக்க வேண்டும். கருவூலத்துப் பொன் குதிரையாகிக் குதிரை காணாமற்போவதைக் கண்ட நாட்டில்தான் இத்தகைய கதை இவ்வளவு ஆழமாக வேரூன்ற முடியும்.

குதிரையைப் படிக்கத் தவறியவர்களைக் கண்டோம். படித்தவர்கள் இல்லையா? உண்டு. உலகம் அறிந்த ஒரு நிகழ்ச்சியைப் புளூட்டார்க் என்னும் கிரேக்க ஆசிரியர் எழுதியிருக்கிறார். மாசிடோனிய மன்னர் பிலிப்பிடம் பூசிபாலஸ் என்னும் குதிரையை விற்க வந்தார்கள். எவரையும் அது அருகில் விடவில்லை. முரட்டுக் குதிரை என்று மன்னர் திருப்பி அனுப்பச் சொன்னார். சிறுவன் அலெக்சாண்டர் மட்டும் ஒன்றைக் கவனித்தான். குதிரை மனிதரைக் கண்டு மிரளவில்லை. தரையில் ஆடும் தன் நிழலைக் கண்டே மிரண்டது. அதன் முகத்தைச் சூரியனை நோக்கித் திருப்பினான். நிழல் பின்னே போயிற்று, குதிரை அமைதியாயிற்று. அவன் ஏறி அமர்ந்தான். பல்லாண்டுகள் அவனைச் சுமந்த அக்குதிரை, கி.மு. 326இல் நம் இந்தியத் துணைக்கண்டத்தில் ஜீலம் ஆற்றங்கரைப் போரை ஒட்டி இறந்தது. அதன் பெயரால் அங்கே ஒரு நகரையே அவன் அமைத்தான்.

தமிழ்நாட்டில் இத்தகைய நினைவைச் சுமந்து நிற்பது செஞ்சிக் கோட்டை. தேஜ் சிங் என்னும் புந்தேல இளைஞரைத்தான் நம் மக்கள் தேசிங்குராஜன் என்று கொண்டாடுகிறார்கள். தில்லியில் எவராலும் அடக்க முடியாத பாராசாரி என்ற குதிரையை அவர் அடக்கி ஏறினார் என்பது கதைப்பாடல் சொல்லும் செய்தி. பாடல் அதனைத் தெய்வ அருள் என்கிறது. வரலாறு உறுதியாகச் சொல்வது சிறிதே: 1714ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கானின் படையை எதிர்த்து, இருபத்திரண்டு வயதளவில் அவர் போர்க்களத்தில் மாண்டார். செஞ்சியில் அவர் ஆண்டது ஓராண்டு கூட இல்லை. எத்தனையோ ஆண்டுகள் ஆண்ட மன்னர்களின் பெயர்களை மக்கள் மறந்துவிட்டார்கள். ஒரு குதிரையைப் புரிந்துகொண்ட இளைஞனை மட்டும் முந்நூறு ஆண்டுகளாகப் பாடி வருகிறார்கள். அடக்குதல் என்ற சொல்லைப் பாடல் பயன்படுத்தினாலும், அடிமைப்பட்ட பிராணியாகவா அக்குதிரை மக்கள் மனத்தில் வாழ்கிறது? இல்லை, தோழனாகவே வாழ்கிறது.

மனிதன் குதிரையைப் படித்த கதை இது. இனி, குதிரை மனிதனைப் படித்த கதைக்கு வருவோம். வத்தலக்குண்டு ஜட்காக்காரர் சொன்ன உண்மையை அறிஞர் உலகம் ஒப்புக்கொண்டது இந்தக் கதையினால்தான். அது நிகழ்ந்த இடம் ஜெர்மனியின் தலைநகரான பெர்லின். அதன் நாயகர் அரசரும் அல்லர், வீரரும் அல்லர். என்னைப் போன்று ஓய்வு பெற்ற ஒரு பள்ளி ஆசிரியர்.

அவர் பெயர் வில்ஹெல்ம் பான் ஆஸ்டன். கணக்கு ஆசிரியர். விலங்குகளுக்கும் முறையாகக் கற்பித்தால் கல்வி வரும் என்று நம்பியவர். ஹான்ஸ் என்ற ஆண் குதிரைக்கு அவர் கரும்பலகையும் எண்களும் கொண்டு பாடம் நடத்தினார். சரியான விடைக்கு ரொட்டியும் காரட்டும் பரிசு. சில ஆண்டுகளில் ஹான்ஸ் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் ஆகியவற்றைச் செய்யத் தொடங்கியது. மூன்றும் நான்கும் எத்தனை என்றால், முன்னங்காலால் தரையை ஏழு முறை தட்டும். நாள்காட்டியில் தேதி சொல்லும். கடிகாரத்தில் மணி சொல்லும். எழுத்துகளையும் எண்ணால் குறித்துக் காட்டும். ஆசிரியர் ஒரு காசும் வாங்காமல் அதனை ஊராருக்குக் காட்டினார். "அறிவாளி ஹான்ஸ்" என்று நாளேடுகள் புகழ்ந்தன.

இது ஏமாற்று வித்தையா என்று ஆராய 1904ஆம் ஆண்டில் ஒரு குழு அமைந்தது. கார்ல் ஸ்டும்ப் என்னும் உளநூல் பேராசிரியர் அதனைக் கூட்டினார். பதின்மூன்று பேர் அதில் இருந்தனர். விலங்கு மருத்துவர், சர்க்கஸ் நிருவாகி, குதிரைப்படை அதிகாரி, விலங்குக்காட்சிச்சாலைத் தலைவர், பள்ளி ஆசிரியர்கள் எனப் பலரும் கூடிப் பார்த்தார்கள். ஏமாற்று எதுவும் இல்லை என்று அவர்கள் முடிவு கூறினார்கள். அம்முடிவு உண்மையே. பான் ஆஸ்டன் நேர்மையானவர். ஆனால் உண்மை அதனோடு முடிந்துவிடவில்லை.

ஸ்டும்பின் மாணாக்கராகிய ஆஸ்கர் புங்ஸ்ட் ஓர் எளிய வழியைக் கையாண்டார். கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாதபடி செய்தார். கேட்பவருக்கு விடை தெரிந்திருந்தபோது, நூற்றுக்கு 89 விழுக்காடு ஹான்ஸ் சரியாகச் சொன்னது. தெரியாதபோது, 6 விழுக்காடே சரியாக வந்தது. பிறகு குதிரையின் கண்களுக்குப் பட்டை கட்டிக் கேள்வி கேட்பவரை மறைத்தார். அப்போதும் அதன் கணக்கு தடுமாறிற்று. விடை பிழைத்தால் ஹான்ஸுக்குக் கோபம் வரும். ஆராய்ச்சியின் நடுவே புங்ஸ்ட் பலமுறை அதனிடம் கடிபட்டார்!

காரணம் விளங்கிற்று. கேள்வி கேட்டவர் குதிரையின் குளம்பைப் பார்ப்பதற்காகத் தம்மையறியாமல் சிறிது குனிவார். உடனே ஹான்ஸ் தட்டத் தொடங்கும். சரியான எண் வந்ததும் அவருடைய தலை, ஒரு மயிரிழை அளவு, மேலே நிமிரும். உடனே ஹான்ஸ் நிறுத்திவிடும். கேட்டவருக்கே தாம் அசைந்தது தெரியாது. புங்ஸ்ட் அந்த இரகசியத்தைக் கண்டுபிடித்த பின்பும், அவராலேயே அந்த அசைவை முற்றும் அடக்க இயலவில்லை. அவர் 1907ஆம் ஆண்டு தம் ஆராய்ச்சியை நூலாக வெளியிட்டார். பின்னர் அவரே குதிரையின் இடத்தில் அமர்ந்து, எதிரில் இருப்பவர் மனத்தில் நினைத்த எண்ணை மேசையில் தட்டிக் காட்டினார்.

பலர் இதனைக் கேட்டு, "குதிரைக்கு ஒன்றும் தெரியாது என்று ஆயிற்றே" என்று சிரித்தார்கள். சற்று நின்று எண்ணிப் பாருங்கள். பதின்மூன்று பேர் கூர்ந்து நோக்கியும் காணாத ஒன்றை ஒரு குதிரை கண்டது! குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கத்திலும் அமைந்தவை. தனக்குப் பின்னால் ஒரு சிறு பகுதி நீங்கலாக, ஏறக்குறைய தன்னைச் சுற்றிலும் அது பார்க்கும். புலி பதுங்கும் புல்வெளியில் ஒரு புல் அசைவதைக் கண்டு ஓடிப் பிழைத்த இனம் அது. அந்தக் கண்ணுக்கு மனிதனின் முகம் ஒரு திறந்த புத்தகம். இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2016ஆம் ஆண்டில் 28 குதிரைகளுக்கு மனித முகங்களின் படங்களைக் காட்டினார்கள். சினந்த முகத்தைக் கண்டபோது குதிரைகளின் இதயத் துடிப்பு விரைவாக ஏறிற்று. ஹான்ஸ் கணக்குப் படிக்கவில்லை. கணக்கு ஆசிரியரைப் படித்தது.

ஹான்ஸினால் அறிவியலுக்கு ஒரு நிலையான நன்மை விளைந்தது. இன்று புதிய மருந்தைச் சோதிக்கும்போது, உண்மை மருந்து எவருக்குக் கொடுக்கப்பட்டது என்பதை நோயாளியும் மருத்துவரும் அறியாதபடி மறைத்துச் சோதிக்கும் முறை உண்டு. சோதிப்பவரின் எதிர்பார்ப்பு விடையைக் கெடுத்துவிடும் என்ற எச்சரிக்கையை உலகுக்கு ஊட்டிய சான்றுகளில் ஹான்ஸ் முதன்மையானது. கணினிகளின் செயற்கை அறிவை ஆராய்வோரும், பொருள் அறியாமல் குறிப்பறிந்து விடை சொல்லும் எந்திரத்திற்கு ஹான்ஸின் பெயரையே சூட்டுகிறார்கள்.

பான் ஆஸ்டன் மட்டும் அந்த முடிவை ஏற்கவில்லை. 1909ஆம் ஆண்டு அவர் காலமானார். ஹான்ஸ் வேறொருவரிடம் சென்றது. முதல் உலகப் போர் வந்தபோது அது படைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. அதன்பின் அதைப் பற்றிச் செய்தி இல்லை. மனிதரின் தலை நிமிர்வதைக் காண அவ்வளவு கூர்மையாகப் பழகிய கண்கள், பீரங்கிப் புகையில் எதைக் கண்டனவோ!

அந்தக் கிழ ஆசிரியரை எண்ணும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அவர் செய்த பிழையை நானும் செய்திருக்கிறேன். அதைச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிப்பது நேர்மை ஆகாது.

பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில் மனக்கணக்கில் என் வகுப்பு சிறந்தது என்று எனக்கு ஒரு பெருமிதம். கேள்வி கேட்டதும் முன்வரிசை மாணவர்கள் விடை சொல்வார்கள். ஒரு நாள் கரும்பலகையில் எழுதிக்கொண்டே, வகுப்புக்கு முதுகைக் காட்டியபடி ஒரு கேள்வி கேட்டேன். விடை வரவில்லை. திரும்பிப் பார்த்து மீண்டும் கேட்டேன். இரண்டு பிழையான விடைகளுக்குப் பின் சரியான விடை வந்தது. என் நெஞ்சில் பெர்லின் குதிரை தட்டிற்று. மறுபடி பலகைப் பக்கம் திரும்பிக் கொண்டு, வேறு கேள்வி கேட்டேன். நல்ல மாணவர்கள் என்று நான் நினைத்த அனைவரும் மௌனம். கடைசி வரிசையிலிருந்து ஒரே ஒரு குரல் சரியான விடையைச் சொல்லிற்று.

அவன் வகுப்பிலேயே பெரிய குறும்பன். கதவின் தாழை வெளியிலிருந்து போட்டுவிட்டு ஓடுவான்; சாக்குக்கட்டியைத் தண்ணீரில் ஊறவைப்பான். அவனை நான் வகுப்புக்கு வெளியே நிறுத்திய நாள்கள் பல. என் முகத்தைப் பார்க்கும் வழக்கமே அவனுக்கு இல்லை. என் முகத்தில் அவன் கண்டது சினம் ஒன்றே. ஆகையால் அவன் கணக்கைப் பார்த்தான். மற்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். அந்த ஆண்டின் இடையிலேயே அவன் குடும்பம் பிழைப்புக்காக வேற்றூர் போயிற்று. அவனுக்கு என்று ஒரு நல்ல கணக்கையும் நான் கொடுக்கவில்லை. நெய்யும் பாலும் கொடுத்து இலாயத்தில் கட்டிப்போட்ட பாண்டிய நாட்டுக் குதிரைக்காரரை நான் எந்த வாயால் குறை கூறுவேன்?

அன்று முதல் ஒரு வழக்கத்தை மேற்கொண்டேன். கேள்வி கேட்டதும் முகத்தைச் சாளரத்தின் பக்கம் திருப்பிக்கொள்வேன். விடை வந்த பின்பும் "சரி" என்று உடனே சொல்லாமல், "எப்படிக் கண்டாய்?" என்று கேட்பேன். குறும்பு செய்தவனைத் தண்டிக்கும் முன், இவன் நிழலைக் கண்டு மிரள்கிறானா, குளம்பில் ஆணி ஏறியிருக்கிறதா, அல்லது கட்டியே கிடப்பதால் மரத்தைக் கடிக்கிறானா என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்பேன். எல்லாக் குறும்பும் அறிவு என்று நான் சொல்லவில்லை. குதிரை உதைத்தால் எலும்பு முறியும், கடிவாளமும் வேண்டியதே. ஆயினும் கடிவாளம் பிடிக்கும் கை, முதலில் பார்க்கத் தெரிந்த கண்ணுக்கு அடங்கியதாக இருத்தல் வேண்டும்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஒரு சொல். ஹான்ஸைப் போல ஆசிரியரின் முகத்தைப் படித்து மதிப்பெண் பெறுவது எளிது. அதில் திறமையும் உண்டு. ஆனால் ஆசிரியர் திரும்பிக்கொண்டால் அந்தத் திறமை தீர்ந்துவிடும். வாழ்க்கையில் பெரும்பாலான கேள்விகள், விடை தெரிந்தவர் எவரும் எதிரில் நில்லாத வேளையில் கேட்கப்படுபவை. அவற்றுக்குக் குறிப்பு எவர் முகத்திலும் இராது.

வத்தலக்குண்டில் இன்று ஜட்கா வண்டி இல்லை. மலை மேல் கொடைக்கானல் ஏரிக்கரையில் பயணிகளைச் சுமக்கும் குதிரைகளைக் காணலாம். அங்கே நீங்கள் சென்றால், ஏறும் முன் ஒரு கணம் அதன் எதிரில் நின்று பாருங்கள். காதைச் சற்றே முன்னே திருப்பி, அது உங்களைப் பார்க்கும். நீங்கள் அஞ்சுகிறீர்களா, அதட்டுவீர்களா, வெல்லம் வைத்திருக்கிறீர்களா என்று அது படித்து முடித்திருக்கும். அதைப் படிக்க நீங்கள் தொடங்கிவிட்டீர்களா என்பதே கேள்வி.